'அனுமதிக்கப்பட்ட அளவு': யார் அனுமதித்தது, யாருடைய சாப்பாட்டை வைத்து?

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: "அரிசி, மீன், கச்சான், திரிபோஷா என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்' என்கிறார்கள். அந்த அளவையே பெரிய கம்பனிகள்தான் தங்களுக்கு வசதியாக வைத்துக்கொள்கின்றன என்கிறார் என் மாமா. உண்மையா? அப்படியென்றால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எதை நம்பிக் கொடுப்பது?"

மாமா சொல்வதில் பாதி சரி. கம்பனிக்காரர் ஒருவர் அதிகாரியின் கையில் பணத்தைத் திணித்து எண்ணை மாற்றுகிறார் என்று அவர் நினைத்திருந்தால், அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரம்புகள் வளைவது பெரும்பாலும் பகிரங்கமாக, கூட்டக் குறிப்புகளில் பதிவாகி, ஒழுங்கு முறைப்படிதான். கள்ளத்தனமாக நடந்தால் ஒருநாள் பிடிபடும். ஒழுங்கு முறைப்படி நடப்பதைப் பிடிக்க, அந்த எண் எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உலக அளவில் இந்த எண்களை வைப்பது கொடெக்ஸ் அலிமென்டாரியஸ் ஆணைக்குழு. ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963இல் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் விஞ்ஞானிகளின் நிபுணர் குழு ஒன்று தனியாக இருக்கிறது. எந்த நஞ்சு, எவ்வளவு உள்ளே போனால், என்ன செய்யும் என்று சொல்வது அந்தக் குழுவின் வேலை. அங்கே விஞ்ஞானம் முடிகிறது. அதற்குப் பிறகு நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசி, ஒரு கிலோ உணவில் எவ்வளவு இருக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நம் மாமா சந்தேகப்பட வேண்டியது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான்.

நிறமூட்டி, பதப்படுத்தி போன்றவற்றை ஒருவர் வேண்டுமென்று போடுகிறார், போடாதே என்று தடுக்கலாம். ஆர்செனிக்கும் கட்மியமும் மண்ணிலும் நீரிலும் இருந்து நெல்லுக்குள் ஏறுகின்றன. பாதரசம் கடலில் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போய்ச் சேர்கிறது. அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு தானியத்திலும் கச்சானிலும் பிடிக்கும் பூஞ்சணத்திலிருந்து வருகிறது. இவற்றைப் பூச்சியமாக்கு என்று சட்டம் போட்டால் கடையில் எதுவுமே மிஞ்சாது. அதனால் 'முயன்றால் எட்டக்கூடிய அளவுக்குக் குறைவாக' என்பதே மாசுகளுக்கான விதி. எட்டக்கூடியது எது என்று கண்டுபிடிக்க நாடுகளிடம் பரிசோதனைத் தரவு கேட்பார்கள். ஒரு எண்ணை வைத்துப் பார்த்து, அதை வைத்தால் சந்தையில் உள்ள பொருளில் எவ்வளவு கழிபடும் என்று கணக்குப் போடுவார்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கழிபடும் என்றால் எதிர்ப்புக் கிளம்பும், எண் மேலே நகரும்.

கவனித்தீர்களா? கணக்கு தொடங்கும் இடம் பிள்ளையின் உடம்பு அல்ல, சந்தையில் இப்போது என்ன இருக்கிறது என்பது. அந்தத் தரவைக் கொடுப்பவர்கள் யார்? நல்ல ஆய்வுகூடம் உள்ள நாடுகள், ஏற்றுமதித் துறைகள். பணக்கார நாடுகளின் தூதுக்குழுக்களில் தொழில்துறைக்காரர் உட்காருகிறார்கள், பார்வையாளர் வரிசையிலும் சர்வதேச வர்த்தகச் சங்கங்கள் நிறைய. பொய்த் தரவு கொடுக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. தங்கள் பக்கத் தரவை நிறையக் கொடுத்தாலே போதும், மற்றவர்களிடம் தரவே இல்லாதபோது.

மீனை எடுத்துக்கொள்வோம், இது நம் வீட்டு விஷயம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று சுறா வறை செய்து கொடுப்பது காத்தான்குடியிலும் உண்டு, களுவாஞ்சிக்குடியிலும் உண்டு, பொத்துவிலிலும் உண்டு. சுறா வேட்டை மீன், நீண்ட ஆயுள் உள்ளது, அதனால் உடம்பில் மெதைல் பாதரசம் சேர்கிறது. வளரும் மூளையைத் தாக்குவது அது. நிபுணர் குழு 2003இல் சொன்ன அளவு: ஒரு வாரத்துக்கு, உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 1.6 மைக்கிரோகிராம். அதற்கு முன்பு 3.3 என்று இருந்தது, கருவிலுள்ள சிசுவை நினைத்துக் குறைத்தார்கள். சரி, இப்போது மற்ற எண்ணைப் பாருங்கள். 2018இல் கொடெக்ஸ் சுறாவுக்கு வைத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் மீனில் 1.6 மைக்கிரோகிராம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் அந்த வரம்பில் உள்ள சுறாவில் வாரத்துக்கு 55 கிராம் சாப்பிட்டாலே அவளுக்குரிய முழு அளவும் தீர்ந்துவிடும். 55 கிராம் என்பது வறையில் இரண்டு பிடிகூட இல்லை. ஆனால் அந்த மீன் சட்டப்படி 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்'. சொல்பவர் பொய் சொல்லவில்லை, கேட்பவரும் பாதுகாக்கப்படவில்லை.

ஏன் இப்படி? சுறாவுக்கான எண் தாய்மாரின் வாராந்த அளவிலிருந்து வரவில்லை, பிடிபடும் சுறாக்களில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்ற தரவிலிருந்து வந்தது. கொடெக்ஸே அதைத் தெரிந்துதான், இந்த வரம்போடு சேர்த்துக் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் எந்த மீன் நல்லது என்று நாடுகள் தனியாக அறிவுரை கொடுக்க யோசிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியிருக்கிறது. எண்ணை எடுத்துக்கொள்கிறோம், குறிப்பு வழியிலேயே நின்றுவிடுகிறது. நம் பக்கத்துக் கிளினிக்குகளில் 'மீன் சாப்பிடுங்கோ' என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். எந்த மீன் என்று சொல்லிக் கேட்டதில்லை.

(சின்னப் பால்சுறாவில் பெரிய சுறாவைவிடப் பாதரசம் குறைவாகத்தான் இருக்கும், வயதும் உடம்பும் சிறியது என்பதால். ஆகவே அம்மா செய்து கொடுத்த வறையை நினைத்து இப்போது கலங்க வேண்டாம்.)

மாமாவின் சந்தேகத்துக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. மீனில் பாதரசம் 0.5 பி.பி.எம். தாண்டக் கூடாது என்று அங்கே உணவு மருந்து நிர்வாகம் 1969இல் வைத்திருந்தது. பி.பி.எம். என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் வாள்மீன் விற்கவே முடியாது. 1977இல் அண்டர்சன் சீஃபூட்ஸ் என்ற புளோரிடாக் கம்பனி மீது அரசு வழக்குப் போட்டது. 1978இல் நீதிமன்றம் 1.0 பி.பி.எம். வரை ஏற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடமே நிர்வாகம் தன் வரம்பை 1.0 ஆக்கிவிட்டது, இரண்டு மடங்கு. அதற்குக் காட்டிய ஆதாரம் பாதரசத்தின் நஞ்சைப் பற்றிய புதிய கண்டுபிடிப்பு எதுவும் அல்ல. கடல் மீன்பிடிச் சேவையின் கணக்கெடுப்பு ஒன்று: அமெரிக்கர் நினைத்த அளவுக்கு மீன் சாப்பிடுவதில்லை, ஆகவே எண்ணை உயர்த்தினாலும் உடம்புக்குள் போவது பெரிதாகக் கூடாது.

அந்த வாதம் அமெரிக்காவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த 1.0 என்ற எண்ணுக்குள், மீன் அரிதாகச் சாப்பிடும் ஒரு மனிதனின் தட்டு ஒளிந்திருக்கிறது. காலையில் புட்டோடு மீன் குழம்பு, பகலில் சோறோடு பொரியல் என்று இருக்கிற வாழைச்சேனைக்காரனின் தட்டு அதில் இல்லை. ஒரு வரம்பைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் திடமான கருத்து: நாளுக்கு எவ்வளவு சாப்பிடுவான் என்று நினைத்து இதை வைத்தார்கள்?

அரிசிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். தீட்டிய அரிசியில் கனிமவகை ஆர்செனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று கொடெக்ஸ் 2014இல் முடிவு செய்தது. ஒரு சராசரி ஐரோப்பியர் வருடத்துக்கு ஏதோ சில கிலோ அரிசிதான் சாப்பிடுவார். நம் நாட்டில் அது நூறு கிலோவுக்கு மேல். நாளுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், வரம்பில் உள்ள அரிசியிலிருந்து 60 மைக்கிரோகிராம் ஆர்செனிக் உள்ளே போகும். 60 கிலோ ஆளுக்கு, கிலோ ஒன்றுக்கு 1 மைக்கிரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2024இல் தோல் புற்றுநோய் ஆபத்தைக் கணிக்க எடுத்த அடிப்படைப் புள்ளி, அதாவது ஆபத்து கூடுவது தெரியத் தொடங்கும் அளவு, அதே நாள் கணக்கில் 0.06 மைக்கிரோகிராம். முன்பு வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லியிருந்த எண்ணை, அது இனிப் பொருந்தாது என்று கொடெக்ஸின் நிபுணர் குழுவே 2010இல் விலக்கிக்கொண்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று விஞ்ஞானிகள் கையை விரித்து நாலு வருடத்தில் 0.2 என்று வரம்பு வந்தது. ஏனென்றால் நெல் விளைவிக்கும் நாடுகளால் எட்டக்கூடியது அது.

இதை வாசித்து வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டாம். நம் அரிசியில் செய்த பல ஆய்வுகளில் சராசரி அந்த 0.2ஐவிடக் குறைவுதான். 2011இல் அரிசியில் ஆர்செனிக் என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டபோது பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பக்கமும் விவசாய அதிகாரிகள் மறு பக்கமும் நின்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் 'வரம்புக்குள்' என்ற சொல் பதிலாகப் பயன்பட்டது. அது பதிலல்ல, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கணக்கோடு சேர்ந்தால்தான் பதில் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இனி நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது, திரிபோஷா. சோளனும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா. 1970களில் இருந்து கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக் வழியாக இலவசமாகப் போகிறது. இந்த நாட்டின் நல்ல காரியங்களில் ஒன்று அது. பிரச்சினை சோளனில் வருகிற அஃப்லாடொக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் தீனியில் இருந்த கச்சான் பிண்ணாக்கால் செத்தபோதுதான் உலகம் இதைக் கண்டுபிடித்தது. ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று வகைப்படுத்தப்பட்டது. சமைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உணவுக்கு நம் நாட்டில் இருந்த வரம்பு மிகவும் கடுமையானது. அந்த வரம்புக்குள் வரும் சோளன் கிடைக்கவில்லை என்று அந்த வயதுப் பிள்ளைகளுக்கான திரிபோஷா உற்பத்தி நின்றது. பிறகு என்ன செய்தார்கள்? வரம்பைத் தளர்த்தி வர்த்தமானி வந்தது. சூழல் நீதிக்கான நிலையம் வழக்குப் போட்டது, 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது.

இங்கே கொள்ளை இலாபம் அடிக்கும் வெளிநாட்டுக் கம்பனி எதுவும் இல்லை என்பதை மாமாவுக்குச் சொல்லுங்கள். திரிபோஷா தயாரிப்பது அரசாங்கத்தின் கம்பனி. மா போகாவிட்டால் பிள்ளை மெலியும், மா போனால் ஈரலுக்கு ஆபத்து. இரண்டுமே உண்மையான கவலை. ஆனாலும் அந்த முடிவு பிழை என்று நான் நினைக்கிறேன். எண்ணை மாற்றுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். சோளனை மாற்றுவதற்குக் காயவைக்கும் வசதி வேண்டும், களஞ்சியம் வேண்டும், கொள்வனவு விலை வேண்டும். மலிவான வழி எண்ணை மாற்றுவதுதான். தொழிற்சாலை யாருடையதாக இருந்தாலும் அழுத்தம் அந்தப் பக்கம்தான் ஓடும்.

சோளன் எங்கே கெடுகிறது என்று அறிய எங்கும் போக வேண்டாம். மகாஓயா, பதியத்தலாவைப் பக்கம் போனால் தெரியும், நம் பக்கம் புல்லுமலை, கரடியனாறுச் சேனைகளிலும் அதே கதைதான். மாரி மழையோடு விதைத்தது, மாசி பங்குனியில் முறிக்கிற நேரம் ஈரம் இன்னும் விட்டிருக்காது. நூற்றுக்குப் பதினாலுக்குக் கீழே ஈரப்பதம் இறங்கினால்தான் பூஞ்சணம் அடங்கும். காயவிடத் தார் ரோட்டைத் தவிர வேறு தளம் இல்லை. கடனும் கழுத்தைப் பிடிக்கும். வியாபாரி லொறியோடு வந்து மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து விலை சொல்வார். ஈரம் என்று விலையைக் குறைப்பாரே தவிர, ஈரம் என்று வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அந்த மூட்டை பொலித்தீன் படங்கின் கீழே வெந்து, ஒரு கிழமை கழித்துத்தான் களஞ்சியம் போகும். ஆய்வுகூடம் பார்ப்பது அதற்கு அப்புறம். வரம்பைப் பற்றிய வர்த்தமானிக்குச் செலவழித்த நேரத்தில் இந்தப் பகுதிக்கு நாலு உலர்த்தும் இயந்திரம் கொடுத்திருந்தால் வரம்பைத் தொட வேண்டிய தேவை குறைந்திருக்கும்.

கடுமையான வரம்பு என்றாலே நல்லது என்றும் எடுத்துவிட வேண்டாம். இதே அஃப்லாடொக்சினுக்கு, நேரடியாகச் சாப்பிடும் கச்சானில் ஐரோப்பா விடுவது கிலோவுக்கு 4 மைக்கிரோகிராம், அமெரிக்கா 20, இந்தியா 10. பூஞ்சணமும் ஒன்று, மனித ஈரலும் ஒன்று. ஐரோப்பா கச்சானை வாங்கும் பக்கம், மற்ற இரண்டும் விளைவிக்கும் நாடுகள். ஐரோப்பிய வரம்பால் ஆபிரிக்க ஏற்றுமதிக்கு 670 மில்லியன் டொலர் இழப்பு வரும், நூறு கோடிப் பேரில் வருடத்துக்கு ஏறத்தாழ 1.4 மரணம்தான் குறையும் என்று உலக வங்கி ஆய்வாளர்கள் 2001இல் மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கில் தர்க்கம் உண்டு, ஆனால் ஒரு ஓட்டையும் உண்டு: கப்பலேறாத கச்சானை யார் சாப்பிட்டார்கள் என்று அதில் இல்லை. கென்யாவில் 2004இல் வீட்டில் சேமித்த சோளனால் 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள். சொந்த வயலில் விளைந்து சொந்த வீட்டில் கிடந்த தானியத்தை எந்த வரம்பும் எட்டிப் பார்ப்பதில்லை.

தேயிலைக்காரர் கதையும் இதே வகை. கிளைபோசேட் என்ற களைநாசினியை நம் நாட்டில் 2015இல் தடை செய்தார்கள். தோட்டங்கள் வேறு களைநாசினிக்கு மாற, அதன் எச்சம் தங்கள் வரம்பைத் தாண்டுகிறது என்று ஜப்பான் தேயிலையைப் பிடித்தது. அதையே காரணமாகக் காட்டித் துறை அழுத்தம் கொடுக்க, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. தேயிலைக்குக் குரல் கொடுக்கச் சங்கம் இருந்தது. அக்கரைப்பற்று வயல்காரனுக்கு அந்த மேசையில் யார் இருந்தார்கள்?

வாக்கெடுப்பு வரை போனதும் உண்டு. பன்றி, மாட்டு இறைச்சியைக் கூட்டக் கொடுக்கும் ரக்டோபமீன் என்ற மருந்தின் எச்ச வரம்பு 2012இல் கொடெக்ஸில் 69க்கு 67 என்று, இரண்டே வாக்கில் நிறைவேறியது. விஞ்ஞானம் மட்டும் முடிவு செய்திருந்தால் வாக்கு எதற்கு? அப்புறம், உணவுக் கம்பனிகளின் பணத்தில் 1978இல் தொடங்கிய சர்வதேச உயிர் அறிவியல் நிறுவகம், உணவு, நீர் நியமங்கள் வைக்கும் தன் வேலைகளில் பங்கெடுக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனமே 2006இல் முடிவு செய்தது. 2012இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் முகாமைத்துவச் சபைத் தலைவர் அதே நிறுவகத்தில் பதவிக்குப் போனபோது சபையிலிருந்து விலக வேண்டி வந்தது. இவை மாமாவின் பக்கத்துக்கு. அவர் கற்பனை செய்யவில்லை.

இதெல்லாம் ரோமிலும் ஜெனீவாவிலும் நடக்கிறது, நமக்கென்ன என்று விட முடியாது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகு, கொடெக்ஸ் எண்ணைவிடக் கடுமையாக வைக்க விரும்பும் நாடு அதற்கு விஞ்ஞான ஆபத்து மதிப்பீடு காட்ட வேண்டும். அந்த மதிப்பீட்டைச் செய்ய நம் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு என்ற தரவு வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றவர் எண்ணே நம் எண். புதிய உணவு விதியொன்றின் வரைவை அந்த அமைப்புக்கு அறிவித்தால், மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல வழமையாக அறுபது நாள் கிடைக்கிறது. வெளிநாட்டு ஏற்றுமதியாளர் அதைப் பார்ப்பார். மட்டக்களப்பில் ஒரு தாய் பார்க்க மாட்டார்.

உள்நாட்டில் எல்லாம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ். சுகாதார அமைச்சர் விதி செய்கிறார், ஆலோசனை சொல்ல உணவு ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. வர்த்தகத் தரப்பு அதில் இருப்பது சட்டவிரோதம் அல்ல, உற்பத்தியாளருக்குத் தெரிந்த சில விஷயம் அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், எந்தத் தரவை மேசையில் வைத்தார்கள் என்பது வெளியே வர வேண்டும். எண் மட்டும் வர்த்தமானியில் வந்தால் போதாது.

கடைசிக் கண்ணி நம் பி.எச்.ஐ. மார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். குறை சொல்ல வரவில்லை, அவர்கள் கையில் என்ன கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். கச்சானில் அஃப்லாடொக்சின் எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது. ஒரு மூட்டையில் சில பருப்புகளில் அள்ளுகொள்ளையாக இருக்கும், மற்றதெல்லாம் சுத்தம். அதனால் பெரிய தொகுதி கச்சானைச் சோதிக்க நூறு இடத்தில் அள்ளி இருபது கிலோ மாதிரி சேர்க்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. கடையில் ஒரு பைக்கற்றை எடுத்து முத்திரை வைத்து அனுப்பினால், அந்த மோசமான பருப்பு அதில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அரசின் அறிக்கையும் வியாபாரியின் அறிக்கையும் வேறுவேறாக வந்து, இரண்டுமே நேர்மையாக இருக்கலாம். அறிக்கை வரும்போது சரக்கு விற்று முடிந்திருக்கும். பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் கைவைப்பதும் இங்கேதான். இந்தியாவில் 2015இல் மேகி நூடில்ஸில் ஈயம் என்று தடை போட்டபோது, சோதித்த ஆய்வுகூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை, கம்பனியின் விளக்கம் கேட்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இரண்டே மாதத்தில் தடையை நீக்கியது. ஈயம் எவ்வளவு இருந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. 2021இல் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பு இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் பிடிபட்டுத் திருப்பி அனுப்பியது, சந்தைக்கு விடாமல் நிறுத்திவைத்துச் சோதிக்க முடிந்ததால்தான். ஊர்க் கடையில் அது முடிகிற காரியம் இல்லை.

சரி, பிள்ளைக்கு. சத்துமா வீட்டில் இடிப்பீர்கள் என்றால் கச்சானையும் சோளனையும் சுளகில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது, தோல் கறுத்தது எல்லாவற்றையும் ஈவிரக்கம் பார்க்காமல் எறியுங்கள். அஃப்லாடொக்சின் பெரும்பாலும் அந்தச் சில பருப்பில்தான் கிடக்கிறது, ஆகவே கையால் தெரிந்தெடுப்பதே பெரிய பாதுகாப்பு. எறிந்ததைச் சம்பலுக்கு வைக்க வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம். அரைத்து விற்கும் பண்டத்தில் இப்படித் தெரிவு பார்க்க வழியில்லை, அதனால் பிள்ளைக்கு அதைத் தினமும் கொடுக்காதீர்கள். ஒரே மாவை மூன்று நேரமும் கொடுக்காமல் பயறு, உழுந்து, குரக்கன் என்று மாற்றினால் எந்த ஒரு மாசும் அதிகம் சேராது.

சோற்றை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆர்செனிக் கணிசமாகக் குறையும், தண்ணீர் நல்லதாக இருந்தால். றைஸ் குக்கரில் அது நடக்காது. வடித்த கஞ்சியில் கொஞ்சம் விற்றமினும் போகும் என்பது உண்மைதான், கீரையும் முட்டையும் அதை ஈடு செய்யும். மீனை நிறுத்தாதீர்கள், பிள்ளையின் மூளைக்கு அது வேண்டும். சூடை, சாளை, நெத்தலி, கீரி, வாவித் திரளி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு, விலையும் குறைவு. பெரிய சுறா, வாள்மீன், பெரிய சூரை இவற்றைக் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பிள்ளைக்கும் தவிருங்கள். கிளினிக்கில் திரிபோஷா தந்தால் பேச்சைக் கேட்டுக் கொட்டிவிட வேண்டாம், எடை குறைந்த பிள்ளைக்கு மெலிவு என்பது இன்றைக்கே உள்ள ஆபத்து. திகதியைப் பாருங்கள், ஈரம் படாமல் வையுங்கள், கட்டி பிடித்திருந்தால், மணம் மாறியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம், மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு ஒரு விண்ணப்பம். கடந்த வருடம் அஃப்லாடொக்சின், ஆர்செனிக், பாதரசம், ஈயம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை உணவு மாதிரிகள் எடுத்தீர்கள், எங்கே சோதித்தீர்கள், முடிவு வர எத்தனை நாள், வரம்பு தாண்டியவை எத்தனை என்று கேளுங்கள். பொரித்த எண்ணெய், பக்டீரியா, காலாவதித் திகதி இவற்றோடு சேர்த்து மொத்த எண்ணிக்கை தந்தால் ஏற்காதீர்கள், மாசு வாரியாகக் கேளுங்கள். பதினாலு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.